ஆகாயத்தில் ஒரு பந்தி: விமானக் கம்பெனிகள் இணைந்த கதை

  

"நீங்கள் வரலாறு படித்தவர், மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள்" என்று மலர்க் குழுவினர் கேட்டார்கள். போடி ஜமீன் பற்றியும் ஏலக்காய் வியாபாரம் பற்றியும் எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் நம் சங்கத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் வரலாற்றில் பட்டம் வாங்கிக்கொண்டு சென்னைக்குப் பஸ் ஏறியவன். அங்கே ஒரு டிராவல் ஏஜென்சியில் முப்பது வருடத்துக்கு மேல் விமான டிக்கெட் போட்டுக் கொடுத்தே தலை நரைத்தவன். ஆகவே நான் படித்ததையும் பார்த்த தொழிலையும் சேர்த்து, இந்திய விமானக் கம்பெனிகள் ஒன்றோடு ஒன்று இணைந்த வரலாற்றை எழுதலாம் என்று துணிந்தேன். அந்த இணைப்புகளால் பயணியின் சாப்பாட்டுத் தட்டு என்ன ஆனது, உட்காரும் சீட்டு என்ன ஆனது, உபசரிப்பு என்ன ஆனது என்பதுதான் இந்தக் கட்டுரை.

"போடிக்கும் விமானத்துக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்று சிலர் சிரிக்கலாம். நூறு வருடத்துக்கு முன்பே நம் ஊர்ப்பக்கம் ஆகாய மார்க்கம் இருந்ததே! மூணாறு தேயிலையைக் குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலில் டாப் ஸ்டேஷனுக்குக் கொண்டு வந்து, அங்கிருந்து கயிற்றுப்பாதையில் தொங்கவிட்டுக் கொட்டகுடிக்கு இறக்கி, பிறகு போடிக்குக் கொண்டு வந்தார்கள். 1924 பெருவெள்ளத்தில் அந்த ரயில் அழிந்தது. இன்றோ நம் கல்லூரியில் படித்தவர்கள் துபாயிலும் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள். இந்தச் சந்திப்புக்கே எத்தனை பேர் மதுரையில் விமானம் இறங்கி வந்திருக்கிறார்கள் என்று பக்கத்து நாற்காலிக்காரரைக் கேட்டுப் பாருங்கள்.

பஸ்ஸில் இருந்து தொடங்குவோம்

இணைப்பு என்பது நமக்குப் புதிதல்ல. என் தந்தையார் தலைமுறையில் மதுரை வட்டாரத்தில் டி.வி.எஸ். பஸ் ஓடியது. அந்தப் பஸ்ஸைப் பார்த்துக் கடிகாரத்தைச் சரிபண்ணலாம் என்பார்கள். 1972-இல் தனியார் பஸ்கள் நாட்டுடைமையாகி மதுரையில் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் பிறந்தது. 1997-இல் தமிழ்நாட்டின் பல கழகங்களும் ஒரே பெயரின் கீழ் வந்தன. அதனால் நன்மையும் உண்டு, குறையும் உண்டு. முன்பு லாபம் வராது என்று யாரும் போகாத மலைக்கிராமத்துக்குப் பஸ் போனது. ஆனால் "எங்க பஸ் ஒரு நிமிஷம் லேட்டாகாது" என்ற அந்தப் பெருமை மங்கியது என்று பெரியவர்கள் குறைப்பட்டுக்கொண்டார்கள்.

நம் வட்டாரத்து ஏலக்காய்க்காரர்களுக்கு இன்னொரு இணைப்பும் தெரியும். ஏலக்காய் வாரியமும் நறுமணப் பொருள் ஏற்றுமதிக் கவுன்சிலும் சேர்ந்துதான் 1987-இல் ஸ்பைசஸ் போர்டு ஆனது. ஏலக்காய்க்கென்று தனியாக இருந்த வாரியம் போய், ஐம்பது சரக்கில் ஏலக்காயும் ஒன்று என்றாகிவிட்டதே என்று அப்போது பேசிக்கொண்டவர்கள் உண்டு. பெரிய குடும்பத்தில் மருமகளாகப் போவது போலத்தான் இணைப்பு. வசதி கூடும், தனிக் கவனிப்பு குறையும். விமானத்திலும் அதே கதைதான்.

எட்டு ஒன்றானது

1932 அக்டோபர் 15. ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து ஆமதாபாத் வழியாக பம்பாய்க்கு ஒற்றை எஞ்சின் விமானத்தில் தபால் மூட்டையோடு பறந்து வந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் என்பவர் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டு வந்தார். ஆக டாட்டாவின் முதல் விமானத் தபால் தடத்தின் கடைசி நிறுத்தம் நம் சென்னைதான்! டாட்டா ஏர்லைன்ஸ் 1946-இல் ஏர் இந்தியா ஆனது. 1948 ஜூன் 8-ஆம் தேதி ஏர் இந்தியா இன்டர்நேஷனலின் 'மலபார் பிரின்சஸ்' விமானம் பம்பாயிலிருந்து லண்டனுக்குப் பறந்தது.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அமெரிக்கப் படைகள் விட்டுச் சென்ற டகோட்டா விமானங்கள் மலிவாகக் கிடைத்தன. ஆளாளுக்கு விமானக் கம்பெனி தொடங்கினார்கள். பயணிகள் கொஞ்சம், கம்பெனிகள் அதிகம். நஷ்டம் தாங்க முடியவில்லை. முடிவில் 1953-இல் விமானக் கழகச் சட்டம் வந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 1-ஆம் தேதி டெக்கான் ஏர்வேஸ், ஏர்வேஸ் இந்தியா, பாரத் ஏர்வேஸ், ஹிமாலயன் ஏவியேஷன், பிஜு பட்நாயக்கின் கலிங்கா ஏர்லைன்ஸ், இந்தியன் நேஷனல் ஏர்வேஸ், ஏர் சர்வீசஸ் ஆப் இந்தியா, ஏர் இந்தியாவின் உள்நாட்டுப் பிரிவு ஆகிய எட்டும் சேர்ந்து இந்தியன் ஏர்லைன்ஸ் ஆயின. வெளிநாட்டுப் போக்குவரத்து மட்டும் ஏர் இந்தியா இன்டர்நேஷனல் என்ற தனிக் கழகமாக நின்றது.

ஜே.ஆர்.டி. நாட்டுடைமையை எதிர்த்தவர். ஆனாலும் வெளிநாட்டுக் கழகத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்று 1978 வரை அதில் இருந்தார். பயணம் செய்யும்போதெல்லாம் குறிப்பெடுப்பார். தேநீரின் நிறம் சரியில்லை, சீட் சாயவில்லை, திரைச்சீலை அழுக்கு என்று ஒன்று விடாமல் எழுதி அதிகாரிகளுக்கு அனுப்புவார். கல்யாண வீட்டில் பெண்ணின் தகப்பனார் பந்தி பந்தியாகப் போய் "ரசம் வந்ததா? பாயசம் போட்டாங்களா?" என்று கேட்பாரே, அது போல!

உள்நாட்டில் பறந்தவர்களுக்கு வேறு அனுபவம். நாற்பது வருடம் ஒரே கம்பெனி. பிடித்தாலும் அதுதான், பிடிக்காவிட்டாலும் அதுதான். ஏறியவுடன் தட்டில் மிட்டாயும் காதுக்குப் பஞ்சும் வரும். மிட்டாய் மரியாதைக்காக மட்டுமல்ல. விமானம் ஏறி இறங்கும்போது காற்றழுத்தம் மாறும். வாயை அசைத்து மென்று விழுங்கினால் காது அடைப்பு விடும். அதற்குத்தான் மிட்டாய். பிறகு ஒரு தட்டில் சாப்பாடு வரும். நன்றாக இருந்த நாளும் உண்டு, ஆறிப்போய் வந்த நாளும் உண்டு. "ஏம்மா, இன்னொரு காபி கிடைக்குமா?" என்று கேட்கவே பலருக்குத் தயக்கம்.

ஆனால் ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். இந்த ஒரே கம்பெனி இருந்ததால்தான் வருமானம் குறைந்த தடங்களிலும் விமானம் பறந்தது. சிறு ஊர்களுக்கென்றே 1981-இல் வாயுதூத் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அது நஷ்டத்தில் மூழ்கி 1993-இல் இந்தியன் ஏர்லைன்சோடு இணைக்கப்பட்டது. தட்டு சுமாராக இருந்தாலும் தடம் இருந்தது. வரலாற்று மாணவன் இரண்டையும் தராசில் வைக்க வேண்டும்.

ஊர் இரண்டு பட்டால்...

டிக்கெட் விலையில் போட்டி போட முடியாத இடத்தில் சாப்பாட்டில் போட்டி வரும். இது உலக அனுபவம். 1958-இல் அட்லாண்டிக் கடலைக் கடக்கும் விமானங்களில் குறைந்த கட்டண வகுப்பு வந்தது. எல்லாக் கம்பெனிக்கும் ஒரே கட்டணம், சாண்ட்விச் மட்டுமே தரலாம் என்பது விதி. ஸ்காண்டிநேவியக் கம்பெனியோ ரொட்டித் துண்டின் மேல் இறைச்சி, மீன், காய்கறி என்று அடுக்கி விருந்தே வைத்துவிட்டது. அமெரிக்காவின் பான் ஆம் கம்பெனி புகார் செய்ய, எது சாண்ட்விச், எது சாப்பாடு என்று உலக விமானச் சங்கம் உட்கார்ந்து பஞ்சாயத்து பண்ணியது! நம் ஊரில் இட்லியோடு வடை சேர்த்தால் அது டிபனா சாப்பாடா என்று வழக்குப் போட்ட மாதிரி!

நம் நாட்டில் 1990-களின் தொடக்கத்தில் தனியார் கம்பெனிகள் வந்தன. ஈஸ்ட் வெஸ்ட், டமானியா, மோடிலுப்ட், 1993 மே மாதம் ஜெட் ஏர்வேஸ். 1994-இல் பழைய சட்டமே ரத்தானது. ஊர் இரண்டு பட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். இங்கே கூத்தாடி வேறு யாருமல்ல, பயணிதான்! சூடான சாப்பாடு, சிரித்த முகம், நேரத்துக்குப் புறப்பாடு என்று புதியவர்கள் கவனித்தார்கள். உடனே இந்தியன் ஏர்லைன்சும் விழித்துக்கொண்டது. எங்கள் ஏஜென்சி கவுன்ட்டரில் "அதில என்ன சாப்பாடு? இதில என்ன சாப்பாடு?" என்று கேட்டு டிக்கெட் எடுத்த காலம் அது.

தமிழ்நாட்டிலும் ஓர் இணைப்பு நடந்தது. இன்றைய மாணவர்களுக்கு அது தெரிந்திருக்காது. காற்றாலைத் தொழிலில் இருந்த என்.இ.பி.சி. குழுமம் சென்னையைத் தலைமையிடமாக வைத்து விமானம் விட்டது. நல்ல உபசரிப்புக்குப் பெயர் வாங்கிய டமானியாவை அது 1995-இல் வாங்கி ஸ்கைலைன் என்.இ.பி.சி. என்று பெயர் மாற்றியது. இரண்டே வருடம்! 1997-இல் எல்லாம் நின்றுபோனது. வாங்கியவருக்கும் நிலைக்கவில்லை, விற்றவரின் நல்ல பெயரும் நிலைக்கவில்லை. கடன் வாங்கி யானை வாங்கலாம், தீனிக்கு என்ன வழி?

டெக்கானும் கிங்பிஷரும்

2003-இல் கேப்டன் கோபிநாத் ஏர் டெக்கானைத் தொடங்கினார். சாப்பாடு கிடையாது. தண்ணீர் வேண்டுமானாலும் காசு. சீட் நம்பர் கிடையாது, நம் போடி பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பது போல ஓடிப்போய் உட்கார வேண்டியதுதான். ஆனால் அதுவரை விமானத்தை அண்ணாந்து மட்டுமே பார்த்த ஆயிரமாயிரம் பேர் அதில் ஏறினார்கள். சீட்டுக்கு ஒரு மரியாதை உண்டென்றால், அந்த மரியாதை முதலில் கிடைக்க வேண்டியது அதில் உட்காரவே வழியில்லாதிருந்தவருக்குத்தான் என்பது என் கருத்து.

இதற்கு நேர் எதிராக, மதுரையைச் சேர்ந்த ஜவுளி ஆலைக் குடும்பத்தவர் ஒருவர் 2005-இல் பாரமவுண்ட் ஏர்வேஸ் தொடங்கினார். எல்லா சீட்டும் பிசினஸ் வகுப்பு. வரிசைக்கு இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு, நடு சீட்டே கிடையாது. அதுவும் 2010-க்கு மேல் பறக்கவில்லை.

2007-ஐ இணைப்பு வருடம் என்றே சொல்லலாம். ஜெட் ஏர்வேஸ் 1,450 கோடி ரூபாய்க்கு ஏர் சகாராவை வாங்கி ஜெட்லைட் என்று பெயர் வைத்தது. பிறகு ஜெட் கனெக்ட் என்று இன்னொன்றும் வந்தது. ஒரே வீட்டுப் பிள்ளைகள் மூன்று! ஒன்றில் சாப்பாடு உண்டு, மற்றதில் காசு கொடுத்து வாங்க வேண்டும். "ஜெட்டுன்னுதானே போட்டிருக்கு, சாப்பாடு ஏன் வரலை?" என்று எங்களிடம் சண்டைக்கு வந்தவர்கள் அநேகம்.

அதே வருடம் கிங்பிஷர் ஏர் டெக்கானில் பங்கு வாங்கியது, மறு வருடம் இரண்டும் ஒன்றாயின. கிங்பிஷரில் சீட்டுக்குச் சீட் டி.வி., விருந்துச் சாப்பாடு. டெக்கானில் ஒன்றும் கிடையாது. எண்ணெயும் தண்ணீரும் எப்படிச் சேரும்? காரணம் வேறு. உள்நாட்டில் ஐந்து வருடம் பறந்தால்தான் வெளிநாட்டுக்குப் போகலாம் என்பது அன்றைய விதி. டெக்கானுக்கு 2008-இல் ஐந்து வயது நிறைந்தது. அந்த வயதுதான் இணைப்பின் முக்கியக் கவர்ச்சி. பயணியின் சௌகரியம் அந்தக் கணக்கில் பெரிய இடம் பிடிக்கவில்லை. டெக்கான் கிங்பிஷர் ரெட் ஆனது. மலிவு டிக்கெட்டும் போனது, கடைசியில் விருந்தும் போனது. 2012 அக்டோபரில் கிங்பிஷரின் உரிமம் நிறுத்தி வைக்கப்பட்டது. மாதக்கணக்கில் சம்பளம் வாராமல் தவித்தவர்கள் ஊழியர்கள். ஜெட் ஏர்வேசும் 2019 ஏப்ரல் 17-ஆம் தேதியோடு நின்றது.

அரசு வீட்டுக் கல்யாணம்

2007-இல்தான் ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்சும் இணைந்தன. காகிதத்தில் ஒன்றானாலும் நடப்பில் இரண்டாகவே இருந்தன. ஒருவரிடம் பெரும்பாலும் போயிங், மற்றவரிடம் ஏர்பஸ். ஏ.ஐ., ஐ.சி. என்ற இரண்டு குறியீடுகளும் 2011 தொடக்கம் வரை தனித்தனியே ஓடின. இணைப்புக்குச் சற்று முன்பு இருவரும் சேர்ந்து 111 புதிய விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்திருந்தார்கள். அந்தக் கடன் கழுத்தை நெரித்தது. 2011-இல் மத்திய தணிக்கைத் துறை இந்த விவகாரத்தைக் கடுமையாக விமர்சித்தது.

சம்பளம், பதவி உயர்வு, சீனியாரிட்டி எல்லாவற்றிலும் சண்டை. 2011-இல் பழைய இந்தியன் ஏர்லைன்ஸ் விமானிகள் சம்பள வேறுபாட்டுக்காக வேலைநிறுத்தம் செய்தார்கள். 2012-இல் பழைய ஏர் இந்தியா விமானிகள், புது போயிங் 787 பயிற்சி யாருக்கு என்ற பிரச்சினையில் ஏறத்தாழ இரண்டு மாதம் வேலைக்கு வரவில்லை. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று நம் பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

நஷ்டம் கடைசியில் சாப்பாட்டுத் தட்டுக்கும் வந்தது. 2017-இல் உள்நாட்டு விமானங்களின் சாதாரண வகுப்பில் இனி சைவம் மட்டுமே என்று ஏர் இந்தியா அறிவித்தது. செலவும் வீணாவதும் குறையும் என்றார்கள். கோழிக்குழம்பு நின்றதற்கு இணைப்பு நேர்க் காரணமல்ல. ஆனால் சரியாகச் சேராத இணைப்பு நஷ்டத்தைக் கூட்டியது, நஷ்டம் தட்டைச் சுருக்கியது. காரண காரியத் தொடர்ச்சி இப்படித்தான் வளைந்து வளைந்து வரும்.

மீண்டும் டாட்டா

2022 ஜனவரி 27-ஆம் தேதி ஏர் இந்தியா டாட்டா குழுமத்தின் கைக்குத் திரும்பியது. அன்று முதல் வேலையாக அவர்கள் தொட்டது எதை தெரியுமா? மும்பையிலிருந்து புறப்பட்ட நான்கு விமானங்களில் மேம்படுத்திய சாப்பாடு! பந்தி சரியாக இருந்தால் பாதிக் குறை மறக்கும் என்று தெரிந்தவர்கள்.

பிறகு இணைப்புகள் அடுத்தடுத்து வந்தன. ஏர்ஏசியா இந்தியா 2024 அக்டோபர் 1-ஆம் தேதி ஏர் இந்தியா எக்ஸ்பிரசோடு இணைந்தது. சிங்கப்பூர் ஏர்லைன்சோடு கூட்டாக டாட்டா நடத்திய விஸ்தாரா, 2015-இல் தொடங்கியது, 2024 நவம்பர் 11-ஆம் தேதி கடைசியாகப் பறந்தது. மறுநாள் அது ஏர் இந்தியா.

கல்ப் நாடுகளில் வேலை பார்க்கும் நம் பையன்களுக்கு ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் நன்றாகத் தெரியும். 2005-இல் கேரளத்திலிருந்து தொடங்கிய அந்த மலிவு விமானத்தில் டிக்கெட்டோடு ஒரு சிற்றுண்டி டப்பா தருவார்கள். ஏர்ஏசியா இந்தியாவோடு சேர்க்கும் வேலை நடந்துகொண்டிருந்த 2023-இல் அந்த இலவச டப்பா நின்றது. வேண்டுமானால் முன்கூட்டியே பணம் கட்டிச் சூடான சாப்பாடு வாங்கிக்கொள்ளலாம். பதார்த்த வகை கூடியது உண்மை. ஆனால் சம்பளத்தை எண்ணி எண்ணி வீட்டுக்கு அனுப்பும் பையனுக்கு அந்த ஓசி டப்பாதான் ராச்சாப்பாடு என்பது மெனு போடுகிறவருக்குத் தெரியுமா?

விஸ்தாரா கதை வேறு. அதன் உபசரிப்புக்கு ரசிகர்கள் உண்டு. இணைந்த பிறகும் பழைய விஸ்தாரா விமானங்கள் 2 என்று தொடங்கும் எண்ணோடு, அதே ஊழியர்கள், அதே உபசரிப்போடு பறக்கும் என்று ஏர் இந்தியா அறிவித்தது. இதனால் விவரம் தெரிந்தவர்கள் விமான எண்ணைப் பார்த்து டிக்கெட் எடுத்தார்கள். நாங்கள் கவுன்ட்டரில் சொல்வோம்: "ஐயா, ஒரே கம்பெனிதான். ஆனா எண்ணைப் பாருங்க, வண்டி வேற!"

இணைப்பு தட்டை எப்படித் தொடுகிறது?

முதலில் சமையலறை. விமானச் சாப்பாடு விமானத்தில் சமைப்பதல்ல. நிலையத்துக்குப் பக்கத்தில் பெரிய சமையற்கூடத்தில் சமைத்து, உடனே குளிரவைத்து, வண்டியில் அடுக்கி ஏற்றி, மேலே சூடாக்கித் தருகிறார்கள். இரண்டு கம்பெனி ஒன்றானால் இரண்டு சமையல் ஒப்பந்தமும் ஒன்றாகும். மொத்தமாக வாங்கினால் விலை குறையும். அந்த லாபத்தை நல்ல அரிசி வாங்கவும் செலவிடலாம், கணக்கில் லாபமாகவும் காட்டலாம். எது நடக்கும் என்பதை எதிர்க்கடை இருக்கிறதா இல்லையா என்பதுதான் தீர்மானிக்கும். ஒரு தட்டில் ஒரு ரூபாய் மிச்சம் பிடித்தால், நாளுக்கு லட்சம் தட்டில் லட்சம் ரூபாய். அதனால்தான் ஊறுகாய்ப் பொட்டலம் முதலில் காணாமல் போகிறது!

சுவைக்கும் ஒரு சங்கதி உண்டு. பறக்கும் விமானத்துக்குள் காற்றழுத்தம் ஏறத்தாழ கொடைக்கானல் உயரத்தில் இருப்பது போல வைக்கப்படுகிறது, காற்றும் வறண்டது. நாக்குக்கு உப்பும் இனிப்பும் மந்தமாகும். ஏலக்காய் மாதிரி வாசனைச் சரக்குகள்தான் அங்கே தாக்குப்பிடிக்கும். போடிக்காரன் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்!

அடுத்து சீட். பழைய டகோட்டாவில் 21 முதல் 28 பேர். இன்றைய ஏர்பஸ் ஏ-320 விமானத்தை முழுக்கச் சாதாரண வகுப்பாக்கினால் வரிசைக்கு 6 வீதம் 30 வரிசை, 180 பேர். ஒவ்வொரு வரிசையிலும் ஓர் அங்குலம் குறைத்தால் 30 அங்குலம் மிச்சம். அதில் இன்னொரு வரிசை போட்டால் 186 பேர். அந்த ஆறு டிக்கெட்டின் விலை நம் முழங்கால்! விஸ்தாரா தன் ஏ-320 நியோவில் மூன்று வகுப்பாகப் பிரித்து 164 பேரைத்தான் ஏற்றியது. இணைந்த கம்பெனிக்குள் இப்படிப் பல அளவு சீட்டுகள் கலந்துவிடும். எல்லாவற்றையும் ஒரே மாதிரி மாற்ற வருடக்கணக்காகும். அதுவரை ஒரே விலை கொடுத்த இருவருக்கு இரண்டு விதமான சீட்.

மூன்றாவது, மனிதர்கள். இதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. சீனியாரிட்டி பட்டியலில் ஒரே நாளில் நூறு பேருக்குக் கீழே தள்ளப்பட்டவர் எப்படிச் சிரித்துக்கொண்டே காபி ஊற்றுவார்? 2024 ஏப்ரலில் புதுச் சம்பள முறை பிடிக்காத விஸ்தாரா விமானிகளால் பல விமானங்கள் ரத்தாயின. அடுத்த மாதமே ஏர் இந்தியா எக்ஸ்பிரசில் பணிப்பெண்களும் பணியாளர்களும் கூட்டமாக உடல்நலமில்லை என்று விடுப்பு எடுத்தார்கள். விமான நிலையத்தில் பழியும் வசவும் வாங்கியது இதிலெல்லாம் சம்பந்தமே இல்லாத கவுன்ட்டர் பிள்ளைகள்.

என் வேலையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன், கம்பெனி பெயர் வேண்டாம். நம் ஊர் ஏலக்காய் வியாபாரி ஒருவர், சர்க்கரை நோயாளி. என்னிடம் எப்போதும் கேட்கும் கேள்வி: "தம்பி, பிளேன்ல சாப்பாடு உண்டா, இல்ல கட்டிக்கிட்டுப் போகணுமா?" உண்டு என்று அச்சிட்ட டிக்கெட்டோடுதான் போனார். டிக்கெட் எடுத்த தேதிக்கும் பயணத் தேதிக்கும் நடுவில் கம்பெனி கைமாறி, அந்தத் தடம் சாப்பாடு இல்லாத பிரிவுக்குப் போய்விட்டது. யாருக்கும் தகவல் இல்லை. விமானமும் தாமதம். மேலே மயக்கம் வந்துவிட்டது. பக்கத்து சீட்டில் இருந்த அம்மாள் தன் பையில் இருந்த பிஸ்கட்டைக் கொடுத்துக் காப்பாற்றினார். நான் கம்பெனிக்கு எழுதினேன். இணைப்புக்கு முந்தைய டிக்கெட்டுகளுக்குப் பழைய சேவைகள் பொருந்தாது என்று இரண்டு வரி பதில் வந்தது. ஒரு தட்டுச் சாப்பாடு அவர்களுக்குச் சேவை, அவருக்கு உயிர்.

வரலாறு சொல்வது என்ன?

இணைப்பு நல்லதா கெட்டதா என்று ஒரே வார்த்தையில் கேட்டால் பதில் இல்லை. 1953 இணைப்பு தடங்களைக் காப்பாற்றியது, உபசரிப்பைத் தூங்கவிட்டது. 1995-இலும் 2007-இலும் நடந்தவை கடனில் கட்டிய கோட்டைகள், இடிந்து விழுந்தன. 2024 இணைப்புக்குத் தீர்ப்பு எழுத இன்னும் காலம் வேண்டும். ஆனால் ஒரு பாடம் எல்லாவற்றிலும் பொது. இணைந்த பிறகும் வெளியே வலுவான எதிர்க்கடை இருந்தால் பயணிக்கு மரியாதை நிற்கும். இல்லையென்றால் விருந்தும் மருந்தும் மூன்று நாள்தான்.

2025-இல் உள்நாட்டுப் பயணிகளில் பத்துக்கு ஒன்பது பேரை இண்டிகோவும் ஏர் இந்தியா குழுமமும்தான் ஏற்றிச் சென்றன. அந்த டிசம்பர் முதல் வாரத்தில், விமானிகளின் ஓய்வு நேரம் பற்றிய புது விதிக்கு இண்டிகோ தயாராகாமல் போனதால் ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தாயின. மற்ற விமானங்களில் கட்டணம் எகிற, அரசு உச்சவரம்பு விதிக்க வேண்டி வந்தது. எட்டுக் கடை இருந்த தெருவில் இரண்டு கடை மட்டும் மிஞ்சினால், ஒன்று கதவைச் சாத்தும் நாளில் ஊரே பட்டினி. இணைப்பின் முழு விலையும் அன்றுதான் தெரிகிறது. அந்த வாரம் விமான நிலையத் தரையில் படுத்திருந்தவர்கள் சாண்ட்விச் பற்றியா கவலைப்பட்டிருப்பார்கள்?

தம்பி, தங்கைகளே! உங்களில் சிலர் விமான நிலையத்தில், சமையற்கூடத்தில், கணக்குப் பிரிவில் வேலைக்குப் போவீர்கள். சிலர் இணைப்பு ஒப்பந்தம் எழுதும் இடத்திலேயே உட்காரலாம். அன்றைக்கு எத்தனை விமானம், எத்தனை கோடி என்ற கணக்கோடு, 14-ஆம் வரிசை நடு சீட்டில் மாத்திரை போட்டுக்கொண்டு தட்டுக்காகக் காத்திருக்கும் பெரியவரையும் ஒரு வரியில் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய டிக்கெட் வைத்திருப்பவருக்கு என்ன மாறியது என்று ஒரு தகவல் அனுப்ப எவ்வளவு செலவாகிவிடும்?

முன்னாள் மாணவ நண்பர்களே! நீங்கள் டிக்கெட் எடுக்கும்போது பெயரை மட்டும் பார்க்காதீர்கள். விமானத்தை இயக்குவது யார், எண் என்ன, சாப்பாடு சேர்த்தியா, சீட் எப்படி என்று கேளுங்கள். கம்பெனி கைமாறினால் பயணத்துக்கு முன் ஒருமுறை மறுபடியும் விசாரியுங்கள். வீட்டுப் பெரியவர்களை அனுப்பும்போது கையில் இரண்டு இட்லியாவது கட்டிக் கொடுங்கள். பாதுகாப்புச் சோதனையில் இட்லியை யாரும் பிடுங்க மாட்டார்கள், சட்னியும் சாம்பாரும்தான் போகாது! பொடி போதும்.

1928-இல் போடிக்கு ரயில் வந்தது. அகலப்பாதை வேலைக்காக 2010-இல் நின்று, 2023 ஜூன் மாதம்தான் திரும்பி வந்தது. காத்திருக்கவும் கேட்டு வாங்கவும் நம் ஊருக்குத் தெரியும். ஆகாயத்திலும் அப்படியே கேட்டு வாங்குவோம். சந்திப்புக்கு வந்திருக்கும் அத்தனை பேரும் நலமாக ஊர் திரும்பி, அடுத்த சந்திப்புக்கும் நலமாக வந்து சேர வேண்டும் என்று வாழ்த்தி விடைபெறுகிறேன்.